செப்பாங்கில் தாங்கும் எஞ்சின்: காசை முதலில் எதில் போடுவது?

2023 ஜூலை 6, ஒருவர் கேட்டது

அண்ணே, என்னிடம் இருப்பது 2008 ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 மாடல். சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) 2028 வரை இருக்கிறது. வருடத்துக்கு ஆறேழு தடவை மலேசியாவில் இருக்கிற செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறேன். அதன் கே20ஏ எஞ்சினைத் திறந்து ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன், அதைக் கிராங்க்கோடு இணைக்கிற ராட், பெரிய கேம்ஷாஃப்ட் எல்லாம் போட்டு 260 குதிரைசக்தி எடுக்கலாம் என்று இருக்கிறேன். டர்போ வேண்டாம். 15,000 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். மூன்று வருடமாவது திறக்காமல் ஓட வேண்டும். எந்த பிராண்ட் பிஸ்டன் வாங்கலாம்?

ஜூலை 6, இரவு

பிஸ்டன் கடைசி. ஆயில் பிரஷர் மீட்டர் இருக்கிறதா? டாஷ்போர்டில் எரிகிற சிவப்பு விளக்கைக் கேட்கவில்லை. அது எரியும்போது உன் 15,000 வெள்ளி போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜூலை 8

முந்தாநாள் அவசரத்தில் எழுதிவிட்டேன், தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்று சனிக்கிழமை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நானும் எஃப்டி2தான் ஓட்டுகிறேன். 2016இல் நீ சொல்கிற அதே பட்டியலை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கட்டினேன். ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட், கேம், வால்வு ஸ்பிரிங், பெரிய திராட்டில் பாடி, ஒன்றையும் விடவில்லை. டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் மேடை) ஏற்றியபோது வந்த எண்ணைப் பார்த்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். 2017இல் செப்பாங்கில் ஆறாவது டிராக் நாளில், காலை இரண்டாவது செஷனில் எஞ்சின் போய்விட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. பின் நேர்பாதையில் டக் டக் என்று யாரோ அடியிலிருந்து சுத்தியலால் மெதுவாகத் தட்டுவது மாதிரி கேட்டது. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கேட்டே இருக்காது. ராட் பேரிங், அதாவது ராட் கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பேரிங். காரை டோ லாரியில் ஏற்றி ஜோகூர் வழியாகக் கொண்டுவந்த செலவை என் மனைவியிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

ஒர்க்‌ஷாப்காரர் பேரிங் கிளியரன்ஸை (பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் இடையே ஆயில் நிற்கும் இடைவெளி) தவறாக விட்டிருப்பார் என்பதுதான் என் முடிவு. சண்டையும் போட்டேன். அதை விடு, உன் கேள்விக்கு வருகிறேன்.

சாலையில் ஓட்டும்போது ஒரு வளைவு இரண்டு விநாடியில் முடிந்துவிடும். செப்பாங்கில் 5ஆம், 6ஆம் வளைவுகளை யோசித்துப் பார். இடது, உடனே வலது, இரண்டும் நீளம், இரண்டும் வேகம். அங்கே சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இருக்கிற ஆயில் ஒரு பக்கச் சுவரில் ஏறி அப்படியே நிற்கும். ஆயில் பம்ப்பின் பிக்கப் குழாய் வாயைத் திறந்துகொண்டு காற்றைக் குடிக்கும். 8,000 ஆர்பிஎம்மில் கிராங்க் விநாடிக்கு 133 சுற்று சுற்றுகிறது. அரை விநாடி காற்று போனால் அறுபது எழுபது சுற்று பேரிங்கில் எண்ணெய்ப் படலம் இல்லாமல் ஓடுகிறது. ஒரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு இரண்டு இடம், ஒரு செஷனுக்கு எட்டு சுற்று, நாளைக்கு நான்கு செஷன் என்று பெருக்கிப் பார்.

பஃபிள் வைத்த சம்ப் முதலில். அது ஆயிலைப் பிக்கப்பைச் சுற்றி அடைத்துவைக்கும் தடுப்புகள், வேறொன்றும் இல்லை. அப்புறம் பிரஷர் மீட்டர், ஆயில் வெப்பநிலை மீட்டர், எச்சரிக்கை விளக்கு. பிரஷர் குறைந்தால் கண்ணில் குத்துகிற மாதிரி எரிய வேண்டும், ஏனென்றால் வளைவின் நடுவில் எவனும் மீட்டரைப் பார்க்க மாட்டான். காசு மிச்சம் இருந்தால் அக்யூசம்ப். தனி சிலிண்டரில் அழுத்தத்தோடு ஆயிலைச் சேர்த்து வைத்திருந்து, பிரஷர் விழுந்தால் உள்ளே தள்ளும்.

ஆயிலை மேல் கோட்டுக்கு மேலே அரை லிட்டர் கூடுதலாக ஊற்று. டிராக் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ஜூலை 9

அரை லிட்டர் விஷயத்துக்கு இரண்டு பேர் என்னைத் திட்டியிருக்கிறீர்கள். திட்டு நியாயம். கிராங்க்கேஸ் மூச்சுவிடும் குழாய் சரியாக இல்லாத எஞ்சினில் கூடுதல் ஆயில் ஊற்றினால் அது ஆவியாகவும் துளியாகவும் இன்டேக் வழியாக உள்ளே போகும். எரிகிற கலவையில் ஆயில் கலந்தால் ஆக்டேன் (பெட்ரோல் நாக்கைத் தாங்கும் அளவு) குறைந்த மாதிரிதான், நாக் வரும், அதாவது கலவை தானாக வெடித்து பிஸ்டனை அடிக்கும். ஆகவே கேட்ச் கேன் (அந்தக் குழாயில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) போட்ட பிறகு கால் லிட்டர், பார்த்துவிட்டு அரை லிட்டர். முந்தைய குறிப்பை அப்படியே விட்டு வைக்கிறேன், நான் எழுதியதுதானே.

ஜூலை 15

வெப்பம். இது நம் ஊர்ப் பிரச்சினை, ஜப்பானில் எழுதி வைத்த கையேடு இதற்கு உதவாது. செப்பாங்கில் மதியம் 33, 34 டிகிரி, தார் ரோடு அதைவிட எவ்வளவோ சூடு. என் பழைய எஞ்சினில் ஆயில் கூலர் இல்லாமல் நான்காவது சுற்றில் 135 டிகிரி பார்த்தேன். அந்தச் சூட்டில் ஆயில் தண்ணீர் மாதிரி, பிரஷரும் கூடவே இறங்கும். இப்போது கூலர் போட்டு, 118 தாண்டுவதில்லை. 130 வந்தால் காலை எடுத்துவிடுவேன், எவன் பின்னால் வந்தாலும் சரி.

கூலர் வாங்கும்போது தெர்மோஸ்டாட் உள்ள அடாப்டர் வாங்கு. இல்லாவிட்டால் வாரநாள் காலையில் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் நகர்ந்துகொண்டு போகும்போது ஆயில் சூடாகவே ஆகாது, உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் வெளியேறாது. டிராக்குக்குப் போட்ட சாமான் சாலையில் கெடுதல் பண்ணும். நம்மில் எத்தனை பேருக்குத் தனியாக டிராக் கார் வைத்துக்கொள்ள வசதி? சிஓஇ கட்டி இரண்டு கார், நினைத்தாலே தலை சுற்றுகிறது. அதே காரில்தான் பிள்ளையை டியூஷனுக்கும் கொண்டுபோய் விட வேண்டும்.

மூன்று சுற்று வேகம், ஒரு சுற்று மெதுவாக. இலவசம்.

ஜூலை 16

பெட்ரோல். 260 குதிரைசக்தி ஆசைப்படுகிற எல்லாரும் இதில்தான் ஏமாறுகிறோம்.

இங்கே 98 ஆக்டேன் அடித்துவிட்டு டைனோவில் டியூன் பண்ணுகிறோம். இக்னிஷனை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, எவ்வளவு முன்னால் தள்ளலாமோ அவ்வளவு தள்ளி, நாக் வருவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துகிறார்கள். சரி, சிங்கப்பூர் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்ட முக்கால் டாங்க் இருந்தாக வேண்டும், முழு டாங்க் என்றே வைத்துக்கொள்வோம், 50 லிட்டர். துவாஸிலிருந்து செப்பாங் ஏறக்குறைய 300 கி.மீ. போய்ச் சேரும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். மிச்சம் ஒரு செஷனுக்குத்தான் வரும். அதுவும் டாங்க் பாதிக்குக் கீழே இறங்கினால் நீள வளைவில் பெட்ரோல் பம்ப்பும் காற்றைக் குடிக்கும். அப்புறம் என்ன செய்வோம்? அங்கே 97 அடிப்போம். அதாவது 98க்குப் பண்ணின டியூன், 97 பெட்ரோல், 34 டிகிரி காற்று, நாள் முழுக்க முழு திராட்டில். டைனோ அறையில் பெரிய மின்விசிறி முன்னால் இரண்டு தடவை பத்து விநாடி ஓட்டிப் பார்த்த எஞ்சின் இல்லை இது.

100 ஆக்டேன் கிடைக்கிற நிலையங்களும் அங்கே இருக்கின்றன, ஆனால் நீ போகிற வழியில் இருக்கும், அன்றைக்கு ஸ்டாக் இருக்கும் என்று நம்பி டியூன் பண்ணக் கூடாது. டியூன் பண்ணுகிறவரிடம் முதலிலேயே சொல்: 97க்குப் பண்ணு, இரண்டு டிகிரி பின்னால் விடு. பத்துக் குதிரைசக்தி போகும். போகட்டும். கே20ஏ ஏற்கெனவே 11.7 கம்ப்ரெஷன் விகிதம், அதற்கு மேல் 13 ஆக்குகிற பிஸ்டன் போட்டு நம் ஊர் வெயிலில் ஓட்ட நினைப்பது எனக்குப் புரிகிறது, நானும் நினைத்தேன்.

ஆகஸ்ட் 12

பிஸ்டன் பற்றி எழுதவே இல்லை என்று தம்பி மறுபடியும் கேட்டிருக்கிறார். விட மாட்டார் போல.

ஃபோர்ஜ்டு பிஸ்டனில் நீ பார்க்கப்போவது பெரும்பாலும் இரண்டு அலுமினியக் கலவை. 4032இல் சிலிக்கான் 12 சதவீதம் அளவுக்கு இருக்கும். சூட்டில் அதிகம் விரியாது, ஆகவே சிலிண்டருக்குள் நெருக்கமாக விடலாம், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் வராது. 2618இல் சிலிக்கான் மிகக் குறைவு. நாக் வாங்கினாலும் சட்டென்று உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் அதிகம் விரியும் என்பதால் இடைவெளி அதிகம் விட வேண்டும். வீவக அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தில் காலை ஆறரைக்கு ஸ்டார்ட் பண்ணினால் டீசல் லாரி மாதிரி கடகடக்கும். டர்போ இல்லாமல் சாலையிலும் ஓட்டுகிற காருக்கு 4032 போதும். பிராண்ட் கேட்காதே, மூன்று பேர் நான்கு பதில் சொல்வார்கள்.

ஆனால் உன் 8,400 ஆர்பிஎம் எல்லைக்கு ஹோண்டா போட்ட பிஸ்டனே தாங்கும். கே20ஏவின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 86 மி.மீ., 8,400இல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டர். நான் 19 வருடமாகக் கப்பல் பட்டறையில் எஞ்சின் வேலை பார்க்கிறேன். அங்கே பெரிய கப்பல் எஞ்சினில் இது 8, 9 மீட்டர். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது என் காரின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து இப்படி ஓடுகிற எஞ்சினுக்கு நாம் செய்ய வேண்டியது அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

கே24 என்கிற 2.4 லிட்டர் எஞ்சின் போடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஸ்ட்ரோக் 99 மி.மீ. அதே 8,400இல் 27.7 மீட்டர் ஆகிவிடும். அதே 24இல் நிறுத்த வேண்டும் என்றால் 7,300 ஆர்பிஎம்மோடு சரி. டார்க் அதிகம், வளைவிலிருந்து வெளியே வரும்போது அருமையாக இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் எஞ்சின் எண்ணும் சிசியும் பதிவில் இருக்கின்றன, எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) அனுமதி இல்லாமல் மாற்றிவிட்டு ஒவ்வொரு பரிசோதனைக்கும் வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

ஆகஸ்ட் 13

ராட் போல்ட் விட்டுப்போச்சு. ராட்டை மாற்றாவிட்டாலும் எஞ்சின் திறந்தால் போல்ட்டை மாற்று. பிஸ்டன் மேலே போய்த் திரும்பி இழுக்கும் நேரத்தில் அந்த இரண்டு போல்ட்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அந்த இழுவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 8,400இலிருந்து 9,600 போனால் 30 சதவீதம் அதிகம். ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் தடுக்க ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்று சொல்லாதே. நான்கிலிருந்து ஐந்துக்குப் போக நினைத்து மூன்றில் தள்ளினால் லிமிட்டர் என்ன செய்யும்? சக்கரம் எஞ்சினைச் சுற்றும், பத்தாயிரத்தைத் தொட்டுவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படிப் போட்டு வால்வு பிஸ்டனில் முட்டி, அந்த பிஸ்டனைச் சாம்பல் தட்டாக மேசையில் வைத்திருக்கிறார். சிகரெட்டை விட்டுவிட்டார், பிஸ்டன் இருக்கிறது.

எஞ்சின் மவுண்ட், கியர் கேபிள் புஷ் இரண்டும் தேய்ந்திருந்தால் முதலில் மாற்று. தவறான கியர் விழ அதுவும் காரணம். 200 வெள்ளி வேலை.

செப்டம்பர் 3

தம்பி 97க்கு டியூன் பண்ணிவிட்டாராம், சம்ப்பும் மீட்டரும் போட்டாயிற்றாம். எஞ்சினைத் திறக்கவில்லை. 5ஆம் வளைவில் எச்சரிக்கை விளக்கு மின்னியதா என்று கேட்டேன். "பழைய சம்ப்போட போன மாசம் ஓட்டினப்ப மூணு தடவை எரிஞ்சுது அண்ணே, நான் விளக்குதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்" என்கிறார்.

நவம்பர் 4

இதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்க மனைவி டின் தேடினார். ஸ்டோர் ரூம் மேல் தட்டில் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கித் திறந்தால் உள்ளே ஆயில் நாற்றத்தோடு துணியில் சுற்றிய பழைய பேரிங், 2017இல் செத்த எஞ்சினுடையது. "இது என்ன குப்பை" என்று கேட்டார். நல்ல கேள்விதான். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து எட்டுத் துண்டையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

ராட் பேரிங் நான்கு ஜோடி. இரண்டாவது ஜோடிதான் சுற்றிப்போய் நசுங்கியது, அதை அன்றே பார்த்தேன். மற்ற மூன்றை அன்று ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, கோபத்தில் டின்னில் போட்டு மூடிவிட்டேன். இப்போது வெளிச்சத்தில் பிடித்தால், மூன்றிலும் மேல் பூச்சு போய் உள்ளே செம்பு நிறம் தெரிகிறது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, நடுவில் அகலமாக. ஒரு ஜோடியில் கிளியரன்ஸ் பிசகியிருந்தால் அது மட்டும் போயிருக்கும். நான்கும் சேர்ந்து செம்பு தெரிய வேண்டும் என்றால் நான்குக்கும் சேர்ந்து ஆயில் போகவில்லை என்று அர்த்தம். பட்டறையில் இப்படி ஒரு பேரிங்கைப் பயிற்சிக்கு வந்த பையன் கொண்டுவந்து காட்டினால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பேன். என் காருக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

டின் அடியில் ஒரு தாளும் இருந்தது. எஞ்சின் கட்டியபோது ஒர்க்‌ஷாப் அங்கிள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து பிளாஸ்டிகேஜ் போட்டு அளந்த எண்கள், என் கையெழுத்திலேயே. அந்த மெழுகு இழையை ஜர்னல் (கிராங்க்கில் ராட் பிடிக்கும் உருளைப் பகுதி) மேல் வைத்து, கேப்பை முறுக்கி, கழற்றி, நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எனக்கு அவசரம். அவர் ஒவ்வொன்றுக்கும் "பெலான், பெலான்" (மெதுவாக) என்று மலாயில் சொல்லிக்கொண்டே திரும்பத் திரும்ப அளந்தார். நான்கும் 0.04க்கும் 0.05 மி.மீ.க்கும் இடையில். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045. அவர் தவறே பண்ணவில்லை.

அப்படியென்றால் ஐந்து நாள் தாங்கிய எஞ்சின் ஆறாவது நாள் ஏன் போனது? ஆறாவது நாளுக்கு முன்னால் நான் மாற்றியது ஒன்றே ஒன்று, டயர். சாதாரண டயரிலிருந்து செமி ஸ்லிக், டிராக்கில் நன்றாகப் பிடிக்கிற டயர். அன்றைக்கு ஒரு சுற்றுக்கு நான்கு விநாடி குறைந்தது என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. டயர் பிடித்தால் வளைவில் வேகம் கூடும், பக்கவாட்டு விசை கூடும், சம்ப்பில் ஆயில் இன்னும் உயரமாகச் சுவர் ஏறும், இன்னும் அதிக நேரம் அங்கேயே நிற்கும். பழைய டயரில் கார் வழுக்கிக்கொண்டிருந்த வரைக்கும் அந்த வழுக்கல்தான் எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறது. குதிரைசக்தி கூட்டியதற்கும் பேரிங் போனதற்கும் பெரிய தொடர்பே இல்லை.

தம்பி, நீ என்ன டயர் போடுகிறாய் என்று நான் இதுவரை கேட்கவே இல்லை. இப்போது கேட்கிறேன்.

நவம்பர் 5

செமி ஸ்லிக்தானாம். அப்படியென்றால் அக்யூசம்ப்பைக் "காசு மிச்சம் இருந்தால்" என்று ஜூலை 8இல் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். டயர் பில்லோடு சேர்த்து அதையும் வாங்கு.

நவம்பர் 13

நேற்று தீபாவளி, வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் நன்றி. இன்று விடுமுறை என்பதால் காலையில் அங்கிளின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கடையை மகனிடம் கொடுத்துவிட்டார், சும்மா வந்து உட்கார்ந்திருக்கிறார். முறுக்கு கொடுத்தேன், பேரிங்கையும் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "டயர் மாத்தினியா?" என்றார். ஆறு வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை, கத்தினேன். கோப்பி நான் வாங்கிக் கொடுத்தேன், முறுக்கு மொத்தமும் அவர் சாப்பிட்டார்.

2024 பிப்ரவரி 18

இப்போதைய எஞ்சினை இந்த வாரம் திறந்தோம். 31 டிராக் நாள் ஓடியது. உள்ளே ஹோண்டா பிஸ்டன், ஹோண்டா ராட், புது போல்ட், பஃபிள் சம்ப், கூலர். ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் ஆயில் மாற்றுகிறேன், வருடத்துக்கு இரண்டு தடவை ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன், கப்பலில் பழகிய பழக்கம். செம்பும் ஈயமும் ஏறாமல் இருந்தால் திறக்காமலே பேரிங் நலம் தெரியும். ஆனாலும் அந்த டின்னைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

பேரிங் எட்டும் சாம்பல் நிறம், ஒரு கீறல் இல்லை. 2ஆம் சிலிண்டர் பிஸ்டன் பக்கவாட்டில் லேசான தேய்மானம், விட்டுவிடலாம் என்கிறார் அங்கிளின் மகன். வால்வு ஸ்பிரிங் அளந்ததில் இரண்டு கொஞ்சம் தளர்ந்திருந்தது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். மூடிவிடலாம் என்று இருந்த நேரத்தில் கியர்பாக்ஸ் ஆயிலை வடித்தால் அதில் பித்தளைத் தூள் மினுமினுக்கிறது. மூன்றாவது கியர் சிங்க்ரோ, கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையம். வேறு எங்கே போகும், அவ்வளவு தடவை அவசரமாக இழுத்திருக்கிறேன்.

எஃப்டி2 கியர்பாக்ஸுக்கு சிங்க்ரோ செட் ஸ்டாக் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஏப்ரல் செஷனுக்குக் காசு கட்டிவிட்டேன்.